அதிபர் ஆணை போட்டால் பதினான்காவது திருத்தம் மாறிவிடுமா?

வாசகர் கேள்வி, 24 ஜனவரி 2025

பெரிய பெண் பதினொன்றாம் வகுப்பு, ஏபி கவர்ன்மென்ட் (அமெரிக்க அரசியல் பற்றிய கல்லூரித் தரப் பாடம்) படிக்கிறாள். மனைவிக்கு ஏப்ரலில் பிரசவம். நான் எச்-1பி வேலை விசா, மனைவி அதைச் சார்ந்த எச்-4 விசா. திங்கட்கிழமை அதிபர் போட்ட ஆணைப்படி, பிப்ரவரி 19க்கு மேல் எங்களைப் போன்றவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாதாம். "சாசனத்தில் இருப்பதை ஆணை போட்டு மாற்ற முடியாது" என்று மகளின் ஆசிரியர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். வாட்ஸப் குழுவில் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆசிரியர் புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறார், நாட்டு நடப்பு வேறு என்பதுதான் என் எண்ணம். கோர்ட்டெல்லாம் இப்போது அதிபர் பக்கம்தானே? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

24 ஜனவரி 2025, இரவு

ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் அத்தோடு நிறுத்தியிருந்தால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்க அரசியலமைப்புச் சாசனத்தைத் திருத்தும் வழி அதன் ஐந்தாவது பிரிவில் இருக்கிறது. இந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, அப்புறம் நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதல், இன்றைய கணக்கில் 38. இதில் அதிபருக்கு வேலையே இல்லை. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே ஆக முடியாது என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறியத்தான் 1868இல் பதினான்காவது திருத்தம் வந்தது. இங்கே பிறந்து, இந்த நாட்டின் ஆளுகைக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்பது அதன் முதல் வாக்கியத்தின் சாரம்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். "சாசனத்தை மாற்றுகிறேன்" என்று அதிபரின் ஆணை எங்கும் சொல்லவில்லை. "சாசனத்தின் பொருள் முதலிலிருந்தே இதுதான்" என்கிறது. தாய் ஆவணமில்லாமல் இருந்தாலோ, உங்கள் மனைவி போலத் தற்காலிக விசாவில் இருந்தாலோ, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லை என்றால், அந்தக் குழந்தை "ஆளுகைக்கு உட்பட்ட" குழந்தை அல்ல என்று வாதம். ஆக, ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். யார் படிப்பது செல்லும்? மார்பரி எதிர் மேடிசன், 1803: சட்டத்தின் பொருளைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை என்ற தீர்ப்பு. உங்கள் மகளின் பாடப் பட்டியலிலேயே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

கோர்ட்டெல்லாம் அதிபர் பக்கம் என்றீர்கள். நேற்று சியாட்டலில் ஃபெடரல் மாவட்ட நீதிபதி இந்த ஆணையை 14 நாளைக்கு நிறுத்தி வைத்தார். அப்பட்டமான சாசன மீறல் என்று சொன்ன அவர் 1981இல் ரீகன் நியமித்தவர்.

இன்னொன்று. தேதிக்கு முன்னால் சிசேரியன் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் டாக்டரிடம் கேட்பதாகச் செய்தி வருகிறது. தயவுசெய்து யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள். குழந்தையின் நுரையீரலுக்கு கோர்ட் தேதி தெரியாது.

25 ஜனவரி 2025

நேற்று அவசரத்தில் முக்கியமான பெயரை விட்டுவிட்டேன்: வோங் கிம் ஆர்க்.

1873இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சமையல்காரர். பெற்றோர் சீனர்கள். அவர்கள் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும் குடியுரிமை பெறச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1894இல் சீனாவுக்கு ஒரு பயணம் போய்விட்டு 1895இல் திரும்பி வந்தவரை, நீ குடிமகன் இல்லை என்று துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தார். சான்பிரான்சிஸ்கோவின் சீனச் சங்கங்கள் சேர்ந்து வக்கீல் வைத்தன. 1898 மார்ச்சில் ஆறுக்கு இரண்டு என்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தூதர்களின் பிள்ளைகள், படையெடுத்து வந்து நிலத்தைப் பிடித்திருக்கும் எதிரிகளின் பிள்ளைகள், பழங்குடி இனங்களின் பிள்ளைகள் என்று சில விலக்குகள் உண்டு, மற்றபடி இங்கே பிறந்தவர் குடிமகன் என்று நீதிபதி கிரே எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், எதிர்த்து நின்ற இருவரில் ஒருவர் ஹார்லன். இரண்டு வருடம் முன்னால் பிளெஸ்ஸி வழக்கில் தன்னந்தனியாக நிறப் பாகுபாட்டை எதிர்த்து எழுதி, இன்று எல்லா வகுப்பறையிலும் கொண்டாடப்படுகிற அதே ஹார்லன்தான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகம் ஒரு மாதிரி ஆகும். சொல்லத்தான் வேண்டும்.

கதை அங்கே முடியவும் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த அந்த மனிதரை 1901இல் எங்கள் டெக்சாஸின் எல் பாசோவில் மறுபடி பிடித்தார்கள். குடிமகன்தான் என்று மறுபடி நிரூபிக்க மாதங்கள் ஆயின. தீர்ப்பு வாஷிங்டனில் இருந்தது, எல்லையில் நின்ற அதிகாரிக்கு அவர் இன்னொரு சீனர், அவ்வளவுதான்.

ஏபி பாடத்தில் கட்டாயம் படிக்க வேண்டிய 14 வழக்குகளில் இது கிடையாது. நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946 வரை அந்தக் கதவு அடைத்தே இருந்தது. இடைப்பட்ட அந்த வருடங்களில் இங்கே இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் மட்டும் குடிமக்களாக இருந்தார்கள். வோங் கிம் ஆர்க் வாங்கிக் கொடுத்தது அது.

26 ஜனவரி 2025

"இந்தியாவே இதை எடுத்துவிட்டதே, அமெரிக்கா எடுத்தால் என்ன தப்பு?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, குடியரசு தினத்தன்று வந்திருக்கிறது.

இந்தியாவில் 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாக வராதவராகவும் இருக்க வேண்டும். ஆனால் இது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாடாளுமன்றம் செய்த திருத்தம். குடியுரிமை பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நம் அரசியலமைப்பின் பதினோராவது பிரிவே நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. இங்கே அமெரிக்காவில் விதி சாசனத்துக்குள்ளேயே இருக்கிறது. எடுக்கலாமா கூடாதா என்பது அரசியல். எந்தக் கையால் எடுப்பது என்பது சாசனம். தேர்வில் இரண்டாவதற்குத்தான் மதிப்பெண்.

9 பிப்ரவரி 2025

சியாட்டல், மேரிலாந்து என இரண்டு இடத்திலும் இந்த வாரம் நாடு முழுமைக்குமான தடை வந்துவிட்டது. அதைவிட நேற்று நடந்ததை எழுதத்தான் கை துடிக்கிறது.

தெரியாதவர்களுக்கு: மதுரையில் சட்டம் படித்துவிட்டு, டாலஸ் பக்கம் வந்து வேறு வேலை பார்ப்பவன் நான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் பெரிய பிள்ளைகளை வைத்து மாதிரி நீதிமன்றம் நடத்துவேன். இந்த வழக்கில் அரசுத் தரப்புக்கு ஆளே கிடைக்காது என்று நினைத்திருந்தேன். அப்பா அம்மா இருவரும் எச்-1பியில் இருக்கும் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

அவன் வாதம் இது: வோங்கின் பெற்றோர் சான்பிரான்சிஸ்கோவில் நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள். கிரேயின் தீர்ப்பு அந்த நிரந்தர வசிப்பைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அப்படியானால் வந்து போகிறவர்களைப் பற்றி அந்தத் தீர்ப்பு எதையும் முடிவு செய்யவில்லை. அதோடு 1884இல் எல்க் எதிர் வில்கின்ஸ் இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்த, ஒமாஹாவில் ஓட்டுப் போட வந்த ஒரு பழங்குடி மனிதரையே, முழு விசுவாசம் இல்லை, ஆகவே பிறப்பால் குடிமகன் இல்லை என்று சொன்ன வழக்கு. பழங்குடி மக்களுக்கு 1924இல் காங்கிரஸ் சட்டம் போட்டுத்தான் கொடுத்தது. சாசனமே கொடுத்திருந்தால் அந்தச் சட்டம் எதற்கு?

எதிர்த் தரப்பில் நின்ற பெண், "ஆளுகைக்கு உட்படவில்லை என்றால் என் அப்பாவுக்கு எப்படி ஸ்பீடிங் டிக்கெட் கொடுத்தார்கள்?" என்றாள். ஒரே சிரிப்பு. ஆனால் சிரிப்புக்கு அடியில் சட்டம் இருக்கிறது. அயல்நாட்டார் இந்த மண்ணில் நிற்கும்வரை இந்தச் சட்டத்துக்குத் தற்காலிக விசுவாசம் கொண்டவர்கள் என்று 1812இலேயே தலைமை நீதிபதி மார்ஷல் எழுதினார், கிரே அதை எடுத்தாண்டார். பழங்குடி இனங்கள் தனி அரசுகளாகக் கருதப்பட்டவை. எச்-4 அம்மாவுக்கு அப்படித் தனி அரசு ஏதும் எங்கள் டாலஸ் பக்கத்துப் பிளேனோவில் இல்லை.

பெண் ஜெயித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பையன் சொன்னதுதான் மண்டையில் ஓடியது. அரசுத் தரப்பு பலவீனமானது, ஆனால் வெற்றுக் கூச்சல் இல்லை. அதை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்கள் அதற்குப் பதிலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் உறுத்துகிறது. நிரந்தர வசிப்புதான் அளவுகோல் என்றே வைத்துக்கொள்வோம். இந்தியாவில் பிறந்தவர்களின் கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து வருடமாக நின்றுகொண்டு, வீடு வாங்கிக் கடன் கட்டி, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பம் தற்காலிகமா? "நாங்கள் அவர்கள் மாதிரி இல்லை, சட்டப்படி வந்தவர்கள்" என்று நம் குழுக்களில் பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். ஆணையில் இரண்டு வகைத் தாய்மாரும் அடுத்தடுத்த வரியில்தான் இருக்கிறார்கள்.

14 பிப்ரவரி 2025

நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸும் சேர்ந்துவிட்டன. ஒன்றைக் கவனியுங்கள்: நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி லாப்லாண்ட், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர், வழக்குப் போட்ட அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் தடை கொடுத்தார், நாடு முழுமைக்கும் கொடுக்கவில்லை. இந்த வித்தியாசம் பின்னால் பெரிதாகும் என்று தோன்றுகிறது.

16 மே 2025

முதலில் இழை தொடங்கிய தம்பிக்கு வாழ்த்துகள். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். தடை இருந்ததால் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதுமானதாக இருந்தது.

நேற்று உச்ச நீதிமன்றத்தில் வாதம். காரில் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டே போய் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன். பிள்ளைகளுக்குப் புரியாத விஷயம்: குடியுரிமை வழக்கில் குடியுரிமையைப் பற்றிப் பேச்சே அதிகம் இல்லை. ஒரு மாவட்ட நீதிபதி வழக்குப் போடாதவர்களுக்கும் சேர்த்து நாடு முழுக்கத் தடை போடலாமா என்பதை மட்டும்தான் அரசு மேலே கொண்டுபோயிருக்கிறது.

நீதிபதி கேகன் அந்தச் சூட்சுமத்தைப் பிடித்தார். கீழே எல்லா இடத்திலும் தோற்கிற அரசு மேல்முறையீடே செய்யாமல் இருந்துவிட்டால், குடியுரிமைக் கேள்வி எங்களிடம் எப்போதுதான் வரும் என்று கேட்டார். நீதிபதி கவனா கேட்டது அதைவிட எளிமை: ஆணை அமலான மறுநாள் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரி வேறெதுவும் செய்யாது, ஃபெடரல் அதிகாரிகள்தான் ஆவணத்தை ஏற்க மாட்டார்கள் என்றார் அரசு வக்கீல் சாவர். எப்படி என்று துருவினால், அதிகாரிகள் யோசித்துக்கொள்வார்கள் என்ற அளவில்தான் பதில் நின்றது.

27 ஜூன் 2025, இரவு

போன் ஓயவில்லை. "பிறப்புக் குடியுரிமை போச்சு, கோர்ட் ஒத்துக்கொண்டது" என்று மூன்று குழுக்களில் ஒரே படம் சுற்றுகிறது. இல்லை, இல்லை, இல்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆறுக்கு மூன்று. நீதிபதி பேரட் எழுதியிருக்கிறார். கீழ் நீதிமன்றங்களுக்குத் தடை வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம். அன்றைய இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஊருக்கே பொதுவான தடை என்று ஒன்று இருந்ததில்லை. ஆகவே வழக்குப் போட்டவருக்கு முழு நிவாரணம் கொடு, அதற்கு மேல் போகாதே. இவ்வளவுதான் தீர்ப்பு. ஆணை சாசனத்துக்கு ஏற்றதா என்பதைத் தொடவே இல்லை. ஆணை அமலாவதற்கு 30 நாள் அவகாசமும் இருக்கிறது. நீதிபதி சோட்டோமயோர் தன் எதிர்ப்பை நீதிமன்றத்தில் வாய்விட்டு வாசித்தார், அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனாலும் பேரட்டின் தர்க்கத்தைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. 2015இல் இதே டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லில் ஒரு நீதிபதி, குடிமக்களான பிள்ளைகளின் ஆவணமில்லாத பெற்றோருக்கு ஒபாமா கொடுக்கவிருந்த பாதுகாப்பை நாடு முழுக்கத் தடுத்தார். அன்று ஒரு மாவட்ட நீதிபதிக்கு இவ்வளவு அதிகாரமா என்று கேட்டவர்களில் நானும் உண்டு. கருவியைப் பற்றிய கேள்வியும் ஆணையைப் பற்றிய கேள்வியும் வேறு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாத பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பு பிடிபடாது. பெரியவர்களுக்கே பிடிபடவில்லை என்று வாட்ஸப் சொல்கிறது.

தீர்ப்பைப் படிப்பவர்கள் நீதிபதி அலிட்டோவின் தனிக் குறிப்பையும் விடாதீர்கள். முன்வாசலை அடைத்துவிட்டு, எல்லோரையும் ஒரே வகுப்பாகச் சேர்த்துக் கூட்டு வழக்கு என்று பின்வாசலைத் திறந்துவிடாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார். எச்சரித்த சில மணி நேரத்தில் நியூ ஹாம்ப்ஷயரில் அப்படியே ஒரு வழக்கு தாக்கலாகிவிட்டது!

29 ஜூன் 2025

"எங்கள் ஊராக இருந்தால் யாராவது ஒருவர் பொதுநல வழக்குப் போட்டிருப்பார்" என்று கும்பகோணத்து நண்பர். உண்மை. சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கறிஞர் மனுப் போட்டு, நீதிமன்றம் மாநிலம் முழுமைக்கும் உத்தரவு போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஃபெடரல் நீதிமன்றத்தில் அது நடக்காது. சாசனத்தின் மூன்றாவது பிரிவு, உண்மையான தகராறு இருந்தால்தான் நீதிமன்றத்துக்கு வேலை என்கிறது. உனக்கு என்ன பாதிப்பு, அது இந்த ஆணையால்தான் வந்ததா, என் உத்தரவு அதைச் சரிசெய்யுமா? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் வெளியே போ. பொதுநல வழக்கு இல்லாத நாட்டில் அந்த இடத்தை நிரப்பியது நாடு தழுவிய தடை. அதுதான் இப்போது போயிருக்கிறது.

நடைமுறையில் இதன் அர்த்தம் என்ன? வழக்குப் போட்டவை 22 மாநிலங்கள். நியூ ஜெர்சி உண்டு, டெக்சாஸ் இல்லை. கூட்டு வழக்கு கைகொடுக்காவிட்டால், ஜூலைக் கடைசியில் நியூ ஜெர்சியின் எடிசனில் பிறக்கும் குழந்தை ஒரு விதம், பிளேனோவில் பிறக்கும் குழந்தை இன்னொரு விதம். ஒரே கம்பெனி, ஒரே விசா, அண்ணன் அங்கே, தம்பி இங்கே. பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு நியூ ஜெர்சி போகலாமா என்று ஒரு பெண் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். 1868இல் குடியுரிமையைச் சாசனத்தில் எழுதியதே, மாநிலத்துக்கு மாநிலம் ஒருவர் நிலை மாறக்கூடாது என்பதற்காகத்தான். பொறுத்திருங்கள், இப்போதைக்கு டிக்கெட் போடாதீர்கள் என்று பதில் எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே தைரியம் போதவில்லை.

11 ஜூலை 2025

டிக்கெட் வேண்டாம். நேற்று நியூ ஹாம்ப்ஷயரில், பிப்ரவரி 20க்கும் அதற்குப் பின்னும் பிறந்த, பிறக்கப்போகிற, இந்த ஆணை தொடுகிற எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பாகச் சேர்த்துத் தடை கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் யார் தெரியுமா? அதே லாப்லாண்ட். பிப்ரவரியில் நாடு முழுமைக்கும் தடை கொடுக்காதவர். அன்று அவர் கொடுத்தது சரியான அளவு என்று உச்ச நீதிமன்றமே சொல்லாமல் சொன்ன பிறகு, கூட்டு வழக்கு விதிகளின் வழியாக வந்து அதே ஊரை அடைந்திருக்கிறார். குடியுரிமை பறிபோவது ஈடுசெய்ய முடியாத இழப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அலிட்டோ சொன்ன பின்வாசல் இதுதானா? வகுப்பைச் சேர்க்க விதிகள் கடுமையானவை, எல்லோருக்கும் பொதுவான கேள்வி இருக்க வேண்டும். "நான் குடிமகனா" என்பதைவிடப் பொதுவான கேள்வி என்ன இருக்கிறது? எனக்கு இது முறையான வாசலாகத்தான் தெரிகிறது.

22 ஆகஸ்ட் 2025

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் இதே கதைதான். டெக்சாஸ் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்லும் சட்டம் செப்டம்பர் 1 முதல் அமல். குறைந்தது 16க்கு 20 அங்குலம், பின்வரிசையில் இருப்பவனும் படிக்கும்படி. நேற்று முன்தினம் சான் அன்டோனியோ நீதிபதி தடுத்தார். வழக்குப் போட்ட குடும்பங்களில் யூதர்கள், கிறிஸ்தவர்கள், ஓர் இந்துக் குடும்பம், மதநம்பிக்கை இல்லாதவர்கள் எல்லோரும் உண்டு.

தடை யாருக்கு? வழக்கில் பெயர் இருக்கிற 11 பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும். பிளேனோ அதில் இருக்கிறது. தெருவைத் தாண்டினால் பக்கத்து மாவட்டம், அங்கே தடை இல்லை. வழக்குப் போட்டவருக்கே நிவாரணம் என்பதை இனி நான் கரும்பலகையில் விளக்க வேண்டியதில்லை, வரைபடத்தைக் காட்டினால் போதும்.

சட்டம் நிற்குமா? 1980இல் ஸ்டோன் எதிர் கிரஹாம் வழக்கில் கென்டக்கியின் இதே மாதிரிச் சட்டத்தை ஐந்துக்கு நான்கு என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அதற்கு அடித்தளமாக இருந்த சோதனையை 2022இல் பிரெமெர்ட்டன் கால்பந்துப் பயிற்சியாளர் வழக்கில் கைவிட்டு, வரலாறும் மரபும் பார்ப்போம் என்றார்கள். அடித்தளம் போனாலும் கட்டடம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. கீழ் நீதிமன்றங்கள் ஸ்டோனைத் தாங்களாக மீற முடியாது, உச்ச நீதிமன்றமே ரத்து செய்யும்வரை அது சட்டம்.

"அப்படியென்றால் தமிழ்ப் பள்ளியில் நாம் திருக்குறள் மாட்டுவது?" என்று ஒரு குறும்புக்காரி கேட்டாள். நாம் அரசு இல்லை அம்மா. அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாது என்னும் முதல் திருத்தம், பதினான்காவது திருத்தம் வழியாகக் கட்டுவது டெக்சாஸ் மாநிலத்தை, நம்மை அல்ல. சனிக்கிழமை வாடகைக்கு எடுத்த கம்யூனிட்டி ஹாலில் செல்லோடேப்பால் ஒட்டுகிற அட்டை அரசின் குரல் ஆகாது. அதையும் மதியம் உரித்து எடுக்காவிட்டால் திட்டு விழுகிறது.

6 நவம்பர் 2025

அதிபர் இறக்குமதிக்குப் போட்ட சுங்கவரியை எதிர்க்கும் வழக்கைப் பற்றி எழுதச் சொல்லி நாலைந்து பேர். நேற்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. சுருக்கமாக: வரியும் சுங்கமும் விதிக்கும் அதிகாரம் சாசனத்தின் முதல் பிரிவு எட்டாவது உட்பிரிவின்படி காங்கிரஸிடம். 1977இல் நெருக்கடிக் காலத்துக்காகக் காங்கிரஸ் போட்ட ஒரு சட்டம் இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்கிறது, சுங்கவரி என்ற சொல் அதில் இல்லை. வழக்குப் போட்டவர்களில் ஒன்று குழந்தைகளுக்கான கல்விப் பொம்மைக் கம்பெனி. அவர்கள் தரப்பில் வாதாடிய நீல் கத்யால் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் மகன், சிகாகோவில் பிறந்தவர். பிள்ளைகள் அந்த வாதத்தின் ஒலிப்பதிவைக் கேட்கலாம், ஏபி கவர்ன்மென்ட்டின் பாதிப் பாடம் அதில் இருக்கிறது. மற்றதைத் தனி இழையில் பேசலாம்.

6 டிசம்பர் 2025

நேற்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டுவிட்டது. இந்த முறை நிஜமான கேள்வியையே. எடுத்துக்கொண்டது நியூ ஹாம்ப்ஷயர் கூட்டு வழக்கு, மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரைகூடக் காத்திருக்கவில்லை. வழக்கின் பெயரில் இருக்கும் "பார்பரா" புனைபெயர்தான். கீழே ஒன்பதாவது வட்டம், முதல் வட்டம் என்னும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டும் ஆணைக்கு எதிராகவே சொல்லியிருக்கின்றன. மே மாதம் கேகன் கேட்டாரே, அரசே மேலே கொண்டு வராவிட்டால் என்ன ஆகும் என்று. கொண்டு வந்துவிட்டது. கோடைக்குள் தீர்ப்பு வரலாம். ஆணை அதுவரை உறங்கும்.

முடிவைக் கணிக்கச் சொல்கிறீர்கள். ஆணை விழும் என்று நினைக்கிறேன். எப்படி விழும் என்பதில்தான் என் ஆர்வம். சாசனத்தைத் தொட்டு வீழ்த்துவார்களா, அல்லது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் காங்கிரஸ் அதே வாசகத்தைப் போட்டிருப்பதைக் காட்டி, அதிபரால் சட்டத்தை மீற முடியாது என்று மட்டும் சொல்வார்களா? இரண்டாவது வழி என்றால், நாளைக்குக் காங்கிரஸே சட்டத்தை மாற்றினால் என்ன என்ற கேள்வி மறுபடி முளைக்கும்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட உங்கள் மகள் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டிருந்தாள், தம்பி. இந்தக் கடைசிக் கேள்வியையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிரேயின் தீர்ப்பு நீளம், பழைய ஆங்கிலம், பொறுமை வேண்டும். தலைமை நீதிபதி ஃபுல்லரின் எதிர்ப்பையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். அரசு இப்போது சொல்வதில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. விடுமுறை முடிந்ததும் மாதிரி நீதிமன்றம் உண்டு. நீதிபதி நாற்காலி ஒன்பதில் ஆறுக்குத்தான் பெயர் வந்திருக்கிறது. அரசுத் தரப்பில் இந்த முறையும் அந்தப் பையன்தான், வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான்.